ஆமெனுக்கு விட்ட இடைவெளி

“அக்கா, எனக்கு ஜெபம் வர மாட்டேங்குது.”

வந்தவர் இதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

சலோமி அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“இது வெங்காயத்துக்கு, அண்ணாச்சி. உங்க கதைக்கு இல்ல. அதை இன்னும் நீங்க சொல்லவேயில்லையே.”

வந்தவர் பெயர் தேவஇரக்கம். கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் அக்காவுக்கு அப்பாவாக இருக்கலாம். ஆனால் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்தில், அதை நடத்துகிறவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். வழக்கம் அப்படி. பிஷப்பே வந்தாலும் அக்காதான். மூத்தவர்களை அக்கா பதிலுக்கு அண்ணாச்சி என்பார். அந்த ‘அக்கா’ வாயிலிருந்து வருவதற்குள் தேவஇரக்கத்துக்கு வியர்த்துவிட்டது.

அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஜெபம் என்றால் அவர்தான். கல்யாண வீடா, கல்லறைத் தோட்டமா, புதிதாக வாங்கின டிராக்டரா, “தேவஇரக்கம் ஐயா ஒரு ஜெபம் பண்ணட்டும்” என்பார்கள்.

வெண்கலக் குரல். ஆரம்பத்தில் தணிந்து, நடுவில் ஏறி, கடைசியில் தழுதழுத்து முடியும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். இலையில் சோறு ஆறிப்போகும். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். முணுமுணுத்தாலும் அவருக்குக் கேட்காது.

“போன ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஜெபிக்க எந்திரிச்சேன்,” என்றார். “‘பரம பிதாவே’ன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. தொண்டையை யாரோ பிடிச்ச மாதிரி. சபை முழுக்கக் கண்ணை மூடிக் காத்துக்கிட்டிருக்கு. நான் நிக்கேன். கடைசியில குருவானவர் வந்து முடிச்சு வச்சாரு.”

“சரி.”

“சரின்னா? சனிக்கிழமை அசனம், அக்கா!”

அசனம் என்பது அவர்கள் ஊர்க் கோயிலில் வருஷத்துக்கு ஒரு முறை சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பண்டிகை. வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள்கூட அன்றைக்கு வந்துவிடுவார்கள். பந்திக்கு முன்னால் ஓர் ஆரம்ப ஜெபம் உண்டு. அது தேவஇரக்கத்தின் இடம். பல வருஷங்களாக வேறு யாரும் அந்த மைக்கைத் தொட்டதில்லை.

“அத்தனை சனத்துக்கு முன்னால வாயடைச்சு நின்னேன்னா, அப்புறம் நான் தெருவுல நடக்க முடியாது. எப்படியாவது எனக்கு என் ஜெபத்தைத் திருப்பித் தாங்க.”

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடப்போகும் நேரத்தில், பெண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சின் ஓரம் காலியாக இருந்ததைப் பார்த்தார். ஒரு தாயும் மகளும் வழக்கமாக உட்காரும் இடம் அது. அதைப் பார்த்த பிறகுதான் தொண்டை அடைத்தது.

“இப்ப ஒரு ஜெபம் பண்ணுங்க, கேப்போம்,” என்றார் அக்கா.

“இங்கேயா?”

“ஏன், வெங்காயம் உரிக்கிற இடத்துக்கு ஆண்டவர் வர மாட்டாரா?”

தேவஇரக்கம் எழுந்து நின்றார். தோள் துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். அவர் பயந்தபடி ஆகவில்லை. குரல் வந்தது.

“அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே! இந்த மலையடிவாரத்திலே, இந்த அருமையான வேளையிலே, தகுதியில்லாத எங்களை ஒன்றாய்க் கூட்டிச் சேர்த்த உம்முடைய கிருபைக்காக உமக்கு ஸ்தோத்திரம்!”

நிறுத்தினார்.

வெங்காயத் தோல் சரசரத்தது.

“உமக்கு ஸ்தோத்திரம்!” என்றார் மறுபடியும், கொஞ்சம் உரக்க.

நிறுத்தினார்.

ஒன்றும் வரவில்லை. ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்தார். அக்கா இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குக் காத்துக்கிட்டிருக்கீங்க, அண்ணாச்சி?”

“நீங்க... ஆமென் சொல்லுவீங்கன்னு.”

“ஓ,” என்றார் அக்கா. அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

*

மறுநாள் காலையில் அக்கா அவருக்கு ஜெப அறையைக் காட்டினார்.

தரையில் ஒரு பாய். சுவரில் இரண்டு மரக்குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய சிலுவை. அவ்வளவுதான். படம் இல்லை, பூ இல்லை, மின்விசிறியும் இல்லை.

“என்ன ஜெபிக்கணும்?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவர் முன்னால சும்மா இருங்க.”

“எவ்வளவு நேரம்?”

“பஸ் பிடிக்கவா போறீங்க?”

தேவஇரக்கம் உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது. ஒரு கொசு காதைச் சுற்றியது. சும்மா இருக்க அவருக்குத் தெரியவில்லை. மெதுவாக முணுமுணுக்க ஆரம்பித்தார். முணுமுணுப்பு பேச்சானது. பேச்சு ஏறியது. “எல்லா மகிமையும் உமக்கே உண்டாவதாக!” என்றார்.

நிறுத்தினார்.

அறை சும்மா இருந்தது.

அப்போதுதான் கவனித்தார், தான் நிறுத்தியிருப்பதை. ஆளே இல்லாத அறையில், ஆமெனுக்கு இடம் விட்டு.

முகத்தில் சூடு ஏறியது. யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை நிறுத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம் போவதற்குள் நாக்கு தானாக நின்றது.

வீட்டில் கதவை அடைத்துக்கொண்டு தனியாக ஜெபித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. அங்கேயும் இப்படித்தான் நின்றிருக்கிறதா? நின்றிருக்கிறது. மனைவி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபித்தாரே, அப்போது? அப்போதும் நின்றது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் ஆமென் சொன்னார்கள். நன்றாக இருந்தது என்றும் சொன்னார்கள்.

அது ஞாபகம் வந்ததும் அவருக்கு உடம்பு கூசியது.

வெளியே வந்தார். அக்கா கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, ஜெபம் வந்துச்சா?”

“வந்துச்சு. கேக்கத்தான் ஆள் இல்ல.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

*

வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, எல்லாரும்தான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனதில் கிடப்பதை அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

“இன்னைக்கு நீங்க கேளுங்க, அண்ணாச்சி.”

“கேட்டுட்டு?”

“கேட்டுட்டு, அவங்களை மனசுல வச்சுக்கிட்டு அந்த அறையில போய் இருங்க.”

பேச்சிமுத்து என்ற லாரி டிரைவர் வந்தார். உட்கார்ந்ததும் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் மகன் விஷம் குடித்துவிட்டான். பிழைத்துக்கொண்டான். ஊரில் வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறார்கள். பையன் இன்னும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. சொல்லிவிட்டுப் பேச்சிமுத்து அழுதார். தேவஇரக்கமும் அழுதார். அந்த அழுகை உண்மைதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மத்தியானம் பந்தியில் அக்கா சொன்னார்:

“அண்ணாச்சி, சாப்பாட்டுக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க.”

தேவஇரக்கத்துக்குச் சந்தோஷம். எழுந்து நின்றார். நெஞ்சு நிறைந்து இருந்தது. வார்த்தைகள் தானாக வந்தன.

“...இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்! இன்றைக்கு வேப்பமரத்தடியிலே கண்ணீரோடு வந்த பேச்சிமுத்துவை நினைத்தருளும், ஆண்டவரே! விஷம் குடித்துச் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பி வந்த அவருடைய மகனைத் தொட்டருளும்!”

கரண்டி ஒன்று தரையில் விழுந்தது.

ஜெபம் முடிந்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். சமையல் செய்கிற பொன்னுத்தாய் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் பேச்சிமுத்துவின் தெருக்காரி.

“வயித்துவலின்னுல்லா சொன்னாங்க,” என்றாள், பக்கத்தில் இருந்தவளிடம். மெதுவாகத்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது.

“பொன்னு,” என்றார் அக்கா. “இது இந்த இடத்தை விட்டு வெளிய போகக் கூடாது.”

“போகாதுக்கா.”

“சோறு ஆறுது. சாப்பிடுங்க.”

எல்லாரும் சாப்பிட்டார்கள். தேவஇரக்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

*

தட்டுக் கழுவும் இடத்தில் அவர் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

“நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? ஜெபத்துலதான சொன்னேன்?”

“யார்கிட்ட சொன்னீங்க?”

“ஆண்டவர்கிட்ட.”

“அவருக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப?”

தேவஇரக்கம் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். பிறகு ஒரு பெயர் சொன்னார்.

“ஜெமிமா.”

“யாரு அது?”

“எங்க ஊருல குளோரி தங்கம்னு ஒரு அம்மா. அவங்க மக. சென்னையில கட்டிக் குடுத்திருந்தாங்க. திடீர்னு பெட்டியோட வந்து நின்னா. அம்மாவுக்கு உடம்புக்கு முடியல, பாத்துக்க வந்திருக்கான்னு தெருவுல சொல்லி வச்சிருந்தாங்க. என்கிட்ட மட்டும் குளோரி தங்கம் உண்மையைச் சொல்லிச்சு. புருஷன் சந்தேகப்பட்டு வெளிய தள்ளிட்டான். ஜெபிச்சுக்கோங்க ஐயான்னு அழுதுச்சு.”

“ஜெபிச்சீங்களா?”

“லெந்து நாள் உபவாசக் கூட்டத்துல.”

அக்கா காத்திருந்தார்.

“மைக்குல.”

“பேரைச் சொல்லியா?”

“பேரைச் சொல்லித்தான். ‘சந்தேகத்தினாலே துரத்தப்பட்ட உம்முடைய மகள் ஜெமிமா’ன்னு. கோயில் மேல இருக்கிற கூம்பு ஸ்பீக்கர் அவங்க வீட்டுப் பக்கம் பாத்துத்தான் இருக்கும்.” அவர் குழாயைப் பார்த்துச் சொன்னார். “அன்னைக்கு அருமையான ஜெபம்னு எல்லாரும் சொன்னாங்க. நாலஞ்சு பேர் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, அக்கா.”

தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“அதுக்கப்புறம் ரெண்டு பேரும் கோயிலுக்கு வாரதில்ல. அந்தப் பிள்ளை வாசல்லகூட நிக்கிறதில்லன்னு சொல்லுதாங்க.”

“ஏன் வரலன்னு போய்க் கேட்டீங்களா?”

“இல்ல. விசுவாசத்துல குறைஞ்சு போயிட்டாங்கன்னு நினைச்சேன். அதுக்கும் ஒரு ஜெபம் பண்ணினேன்.”

“அதுவும் மைக்குலயா?”

அவர் கீழே வைத்த தட்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

அக்கா கையைக் கழுவினார். கொடியில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

“வெயில்ல எங்க போறீங்க?”

“பேச்சிமுத்து வீட்டுக்கு. பந்தியில உங்களை ஜெபிக்கச் சொன்னது நான்தான?”

*

அக்கா திரும்பி வரும்போது மாலையாகிவிட்டது. காலெல்லாம் புழுதி.

தேவஇரக்கம் வாசலிலேயே நின்றிருந்தார்.

“என்ன சொன்னாரு?”

“கோவப்பட்டாரு. படணும்லா?”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என் தப்புன்னு சொன்னேன். அப்புறம் அவர் திட்டி முடிக்கிற வரைக்கும் நின்னேன்.”

“என் தப்புன்னு சொல்லலையா?”

“உங்க பேரை எடுத்து இன்னொரு இடத்துல போடணுமா?”

தேவஇரக்கத்துக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் காலின் புழுதியைத்தான் பார்த்தார். அது தன் காலில் இருக்க வேண்டிய புழுதி என்று நினைத்தார்.

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. மத்தியானம் முழுக்க யோசித்து ஒரு முடிவு செய்து வைத்திருந்தார்.

“அக்கா, நாளைக்கு அசனத்துல ஆரம்ப ஜெபத்துக்கு முன்னால, சபையார் எல்லாரும் இருக்கும்போது, அந்த மேடையிலேயே முழங்கால் போடப் போறேன். நான் பாவி, ஒரு குடும்பத்தோட கண்ணீருக்குக் காரணமாயிட்டேன்னு அறிக்கை பண்ணி, எல்லாருக்கும் முன்னால ஜெமிமாகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்.”

சொல்லும்போதே குரல் தழுதழுத்தது. பெண்கள் முந்தானையை எடுப்பது அவருக்கு இப்போதே தெரிந்தது.

அக்கா குடையை மடக்கினார்.

“மறுபடியும் மைக்கா, அண்ணாச்சி?”

*

சாயங்கால ஜெபத்துக்கு எல்லாரும் கூடினார்கள். பொன்னுத்தாயும் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். தேவஇரக்கம் கடைசி வரிசையில் போய் ஒடுங்கிக்கொண்டார்.

அக்கா சொன்னார்:

“இன்னைக்கு நம்ம நடுவுல இருக்கிற ஒருத்தருக்காக ஜெபிக்கணும்.”

தேவஇரக்கம் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாரே. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அழுகிற நேரத்தில் அதை யார் சொல்லுவார்கள்? குளோரி தங்கமும்தான் சொல்லவில்லை.

“ஆண்டவரே,” என்றார் அக்கா.

இப்போது பெயர் வரும். பெயருக்குப் பிறகு லெந்துக் கூட்டம் வரும், மைக் வரும், கூம்பு வரும், கையைப் பிடித்துக்கொண்ட நாலைந்து பேரும் வருவார்கள். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னாரே, அதுவும் வருமா? பொன்னுத்தாய் எல்லாவற்றையும் கேட்பாள். எழுந்து போய்விடலாமா? எழுந்தால் இன்னார் என்று தெரிந்துவிடும். துண்டை இரண்டு கையாலும் முறுக்கினார். சாவதே மேல் என்று தோன்றியது.

ஜெமிமா அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தாள்? அவருக்குத் தெரியாது. அவர் கண்ணை மூடியிருந்தார்.

பெயர் வரவில்லை.

காத்திருந்தார். சுவரில் பல்லி கத்தியது. வெளியே மாடு ஒன்று கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு போனது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் யாரோ ஒருவருக்காகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

வராது என்று அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. பெயர் வராது.

கண்ணீர் வந்தது. சத்தம் வரவில்லை. சத்தமில்லாமல் அழுவது அவருக்குப் புதுசு. அப்படி எவ்வளவு நேரம் இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் இடைவெளி விட அவருக்குத் தோன்றவில்லை.

“ஆமென்,” என்றார் அக்கா.

*

விடிந்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா வாசல்வரை வந்தார்.

“அந்த வீட்டுல போய் என்ன சொல்லப் போறீங்க?”

தேவஇரக்கம் தொண்டையைச் செருமினார். “அன்பான சகோதரி, தகுதியில்லாத இந்த அடியேன், அறியாமையினாலே உங்கள் இருதயத்தைக் காயப்படுத்தின...”

நிறுத்தினார்.

“இந்த இடத்துல நான் ஆமென் சொல்லணுமா?” என்றார் அக்கா.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அக்காவுக்கு இந்தத் தடவை சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பாதியில் அந்தச் சிரிப்பு அறுந்துபோனது.

“பயமா இருக்கு, அக்கா. நான் என்னதான் பண்ணட்டும்?”

“பேச்சிமுத்து வீட்டுல நான் என்ன பண்ணினேன்னு சொன்னேன்லா?”

“நின்னீங்க.”

“எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.”

*

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கறி வேகும் வாசனை தெருமுனைவரை வந்தது. கோயில் முன்னால் பந்தல். சலவை வேட்டிகளும் பட்டுப் புடவைகளுமாகச் சனம் நிறைந்திருந்தது.

கமிட்டிச் செயலாளர் ஓடி வந்தார்.

“வந்துட்டீங்களா ஐயா! உங்களைக் காணலையேன்னு பதறிப் போயிட்டோம். மைக்கு ரெடியா இருக்கு.”

தேவஇரக்கம் தலையசைத்தார். பந்தலுக்குள் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்தார்.

ஊரே திறந்து கிடந்த அந்த நாளில் ஒரு வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. தட்டினார். கதவு பாதி திறந்தது. ஜெமிமா நின்றாள். மெலிந்து போயிருந்தாள்.

“மகளே! இந்தப் பாவியை...”

வெண்கலக் குரல். கேட்காமலே வந்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஜெமிமா தெருவைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

“மெதுவா,” என்றாள்.

தேவஇரக்கம் அப்படியே குன்றிப்போனார். இந்த வாசலில் வந்து நின்றும் அதையேதான் செய்திருந்தார்.

“உள்ள வாங்க. அங்க நின்னு பேசாதீங்க.”

உள்ளே குளோரி தங்கம் அடுக்களை வாசலில் நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. நாற்காலியைக் காட்டவில்லை.

“எதுக்கு வந்தீங்க? இன்னும் ஏதாவது சொல்லுவேன்னு கேட்டுட்டுப் போக வந்தீங்களா?”

அவர் நின்றார்.

“கூடப் பிறந்தவன்கிட்ட சொல்லுத மாதிரி உங்ககிட்ட சொன்னேன். கூம்புல என் மக பேரு கேக்கும்போது நான் அடுப்புல பால் வச்சிருந்தேன். பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சு போச்சு. எடுத்து இறக்கணும்னுகூட எனக்குத் தோணல. இவ இந்தா இந்த மூலையில காதைப் பொத்திக்கிட்டு உக்காந்தா. நீங்க நிறுத்தினீங்களா? இல்லையே! நிறுத்தி நிறுத்திச் சொன்னீங்க. ஒவ்வொரு தடவையும் ஊரே ஆமென் சொல்லிச்சு.”

அவர் நின்றார்.

அவள் இன்னும் பேசினாள். திட்டினாள். இடையில் அழுதாள், மறுபடியும் திட்டினாள். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் அவளுக்கே மூச்சு வாங்கியது.

“என் தப்பு,” என்றார் தேவஇரக்கம். “ஜெமிமா, என் தப்பும்மா.”

அந்த அறையைத் தாண்டி அது கேட்டிருக்காது.

பரவாயில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

அப்போது கூம்பு கரகரத்தது. வீட்டின் ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

“ஹலோ... ஹலோ... ஆரம்ப ஜெபத்திற்காக நமது தேவஇரக்கம் ஐயா அவர்களை அன்போடு மேடைக்கு அழைக்கிறோம்.”

மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். அந்தச் சத்தம் இந்த வீட்டுக்குள் எப்படி ஒலிக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

“கூப்பிடுதாங்க,” என்றாள் ஜெமிமா.

“கேக்குதும்மா.”

“போகலையா?”

“இல்ல.”

“தேவஇரக்கம் ஐயா எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்,” என்றது கூம்பு.

குளோரி தங்கம் மூக்கைச் சிந்தினாள்.

“வந்த வீட்டுல ஜெபம் பண்ணாமப் போற ஆள் இல்லையே நீங்க. அதையும் பண்ணிட்டுப் போங்க.”

அந்த வார்த்தை அவர் நெஞ்சில் தைத்தது. தைக்க வேண்டும் என்றுதான் அவள் சொன்னாள்.

அவர் தரையில் முழங்கால் போட்டார். ஜெமிமாவைப் பார்த்தார்.

“நீ பண்ணும்மா. சத்தமா வேண்டாம், மனசுக்குள்ள பண்ணு. என்னைப் பத்தி என்ன சொல்லணுமோ சொல்லு.”

ஜெமிமா அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, நின்றபடியே கண்ணை மூடினாள்.

உதடு அசையவில்லை. ஒரு தடவை தாடை இறுகியது. நெற்றி சுருங்கியது. ஒரு கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கியது, அவள் துடைக்கவில்லை.

கூம்பில் வேறு யாரோ ஜெபிக்க ஆரம்பித்தார்கள். தடுமாறித் தடுமாறிச் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். சபை முழுவதும் ஆமென் சொன்னது. இலை போடும் சத்தம் கேட்டது.

தேவஇரக்கம் வாயைத் திறக்கவில்லை. ஜெமிமா இன்னும் முடிக்கவில்லை.

அவள் கண்ணைத் திறந்தபோது பந்தியில் பாதிப் பேர் எழுந்திருப்பார்கள். என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது. அவள் முகத்திலும் அது தெரியவில்லை.

“ஆமென்,” என்றார் தேவஇரக்கம்.